வெந்த கை யார் கணக்கில்?

எந்த நாட்டு ஹோட்டல் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாலும் சரி, அனுபவசாலியான சமையல்காரரின் முன்னங்கையில் நாலைந்து சூட்டுத் தழும்புகள் இருக்கும். அதை யாரும் காயமாக நினைப்பதில்லை. தொழில் கற்றுக்கொண்டதற்கு சர்டிபிகேட் மாதிரி காட்டிக்கொள்வதும் உண்டு. சூடு படாமல் சமையல் வருமா, விரல் வெட்டுப்படாமல் கத்தி பழகுமா என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு!

இந்த வேதவாக்கால் யாருக்கு லாபம் என்று தேடிப் போனால் ஒரு விசித்திரமான கணக்கு கிடைக்கிறது. சமையலறையில் விறகு வீணானால் முதலாளிக்கு நஷ்டம். பாத்திரம் உடைந்தாலும் முதலாளிக்கு நஷ்டம். சமையல்காரர் கை வெந்தால்? ரொம்ப காலத்துக்கு அது எந்த லெட்ஜரிலும் ஏறவில்லை. அது ஏறிய பிறகுதான் அடுப்பும் மெஷினும் பெரிய அளவில் மாற ஆரம்பித்தன. அதற்கு முன்பும் சில மாற்றங்கள் வந்தன, ஆனால் அவை வந்த காரணமே வேறு.

முதலில் பாரிஸுக்குப் போவோம். மரி-அந்துவான் கரேம் (1784-1833) என்றால் பிரெஞ்சுச் சமையலில் கிட்டத்தட்ட தெய்வம். ராஜதந்திரி தலேரான், ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர், பிற்பாடு இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர், வங்கிக் குடும்பத்து ராத்ஸ்சைல்ட் என்று அவர் சமைத்துப் போட்டவர்கள் பட்டியல் நீளம். அவர் வேலை பார்த்த காலத்துச் சமையலறைகளில் இடுப்பளவு உயரத்துக்குக் கல்லால் கட்டிய மேடை இருக்கும். அதில் குழிகள் இருக்கும், குழிக்குள் கரி தணலாகக் கனன்றுகொண்டிருக்கும். சாஸ் வகைகளை நிதானமாகக் காய்ச்ச அது அற்புதமான அடுப்பு. மூச்சு விடுவதற்குத்தான் படு மோசம். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அளவு கூடினால் சாவு.

அந்தச் சமையலறை எப்படி இருந்தது என்பதை கரேமே எழுதி வைத்திருக்கிறார். விருந்து பரிமாறும் நேரம் நெருங்கியதும் ஜன்னல்களை மூடிவிடுவார்களாம். ஏன்? வெளிக்காற்று பட்டால் தட்டில் இருக்கும் உணவு ஆறிவிடும்! அந்தச் சூட்டிலும் புகையிலும் அத்தனை பேரும் வேலை பார்க்க வேண்டும். கரி எங்களைக் கொல்கிறது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கூடவே, ஆயுள் குறைந்தாலும் பரவாயில்லை, பெருமை கூடும் என்கிற அர்த்தத்திலும் எழுதினார். 1833 ஜனவரியில் 48 வயதில் இறந்துபோனார். கரிப்புகைதான் அவரைக் கொன்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு அதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த மூடிய ஜன்னல் போதும், சாஸின் சூட்டுக்கு ஒரு விலையும் சமையல்காரரின் மூச்சுக்கு வேறொரு விலையும் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள. அதை அவரே பெருமையாக ஏற்றுக்கொண்டதுதான் இதில் மனதைப் பிசைகிற விஷயம்.

வேறு வழி தெரியாத காலம் அது என்று சொல்லவும் முடியாது. இதே கரேம் 1816-17 வாக்கில் இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையில் வேலை பார்த்தார். அங்கே இளவரசர் கட்டியிருந்த பெரிய சமையலறையில் புகையையும் ஆவியையும் வெளியே இழுக்க அடுப்புகளுக்கு மேல் செம்புத் தகட்டில் பெரிய கூரைகள் உண்டு. உள்ளே நிற்கும் இரும்புத் தூண்களுக்கு மேலே பனை ஓலை மாதிரி வேலைப்பாடு வேறு! விருந்தாளிகளைக் கூட்டிப்போய்ப் பெருமையாகச் சுற்றிக் காட்டும் சமையலறை அது. ஆக, மனது வைத்துப் பணம் செலவழித்தால் புகையை வெளியேற்றலாம் என்பது அன்றைக்கே தெரியும்.

அடுப்பை உண்மையில் மாற்றியது இரக்கம் அல்ல, விறகுச் செலவு. கவுன்ட் ரம்ஃபோர்டு என்ற பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன் அமெரிக்காவில் பிறந்த விஞ்ஞானி. 1790-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பிச்சைக்காரர்களைச் சேர்த்து வேலை கொடுக்கும் இல்லம் ஒன்றை நடத்தினார். நூற்றுக்கணக்கான பேருக்குக் குறைந்த விறகில் சூப் காய்ச்ச வேண்டும். திறந்த நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி வீணாகப் போகிறது, அது சமையல்காரரையும் வேக வைக்கிறது என்று கண்டுபிடித்து, நெருப்பைச் செங்கல்லுக்குள் அடைத்து, காற்றை வேண்டிய அளவு மட்டும் விடும் அடுப்பைக் கட்டினார். விறகு மிச்சமானது. சமையல்காரர் தப்பித்தது இலவச இணைப்பு!

அடுத்தவர் அலெக்சிஸ் சோயர். லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர். 1841-ல் கிளப்பின் புதுக் கட்டடம் திறந்தபோது அவருடைய சமையலறையைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அங்கே கேஸ் அடுப்பு இருந்தது. குழாயைத் திருகினால் எரியும், திருப்பி மூடினால் அணையும். கரி இல்லை, சாம்பல் இல்லை, வேலை இல்லாத நேரத்தில் வீணாக எரிவதும் இல்லை. கரேம் இறந்து எட்டே வருடத்தில் இது நடந்தது.

சோயர் அந்த கிளப்பில் சேர்ந்தது 1837-ல். அதே வருடம் அதே இங்கிலாந்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர். கசாப்புக் கடையில் வேலை பார்த்த பிரீஸ்ட்லி, இறைச்சி ஏற்றிய வண்டி அளவுக்கு மீறிய பாரத்தால் உடைந்ததில் தொடை எலும்பு முறிந்து விழுந்தார். ஜூரிகள் 100 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேல் விசாரணையில் நீதிபதி லார்டு அபிங்கர் அதை ரத்து செய்தார். அவர் சொன்ன காரணம் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. வேலைக்காரனுக்கு இதற்கெல்லாம் எஜமான் பொறுப்பு என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும், சமையல்காரி செம்புப் பாத்திரத்தைச் சரியாகத் துலக்காமல் விட்டு அதனால் இன்னொரு வேலைக்காரனுக்குக் கெடுதல் வந்தால்கூட எஜமான் பணம் கட்ட வேண்டி வருமே என்று கேட்டார்! (பழைய செம்புப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளி போட்டால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும், அந்த விஷம்தான்.) நடக்கவே கூடாத அபத்தத்துக்கு உதாரணமாக நீதிபதிக்குக் கிடைத்தது சமையலறை.

அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு கோட்பாடு வளர்ந்தது. உடன் வேலை பார்ப்பவரின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை, வேலையில் சேரும்போதே ஆபத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டாய் என்பதுதான் அது. இங்கிலாந்தில் இந்தக் கோட்பாடு முழுதாக ஒழிந்தது 1948-ல்.

இடையில் ஒரு நல்ல மனிதர் வந்தார். ஓகுஸ்த் எஸ்கோஃபியே (1846-1935). லண்டன் சவாய், பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டல்களில் சமையலறையை ராணுவம் மாதிரி பிரித்தவர். சாஸுக்கு ஓர் ஆள், மீனுக்கு ஓர் ஆள், வறுவலுக்கு ஓர் ஆள். அவரவர் இடத்தில் அவரவர் நின்றார்கள். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடுதான், விபத்தைத் தடுக்க என்று அல்ல. ஆனால் கொதிக்கும் குண்டானோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது இதனால் குறைந்திருக்கத்தானே வேண்டும்! வேலை நேரத்தில் குடிப்பதை நிறுத்தி, சூட்டைத் தாங்க பார்லித் தண்ணீர் வைத்தார், கூச்சலையும் கெட்ட வார்த்தையையும் தடை செய்தார் என்று சொல்வார்கள். அவர் குள்ளமானவர். அடுப்பின் அனல் முகத்தில் அடிக்காமல் இருக்கக் குதிகால் உயர்ந்த ஷூ போட்டாராம்.

எல்லா ஹோட்டலிலும் எஸ்கோஃபியே கிடைப்பாரா? ஜார்ஜ் ஆர்வெல் 1929-ல் பாரிஸில் பெரிய ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினார். 1933-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் அந்த நிலவறை வருகிறது. காபி, டோஸ்ட் தயாராகும் அந்தச் சின்ன அறையில் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது, சில நேரம் 130-ஐத் தொடும் என்கிறார். நம் கணக்கில் 43 முதல் 54 டிகிரி செல்சியஸ். மேலே சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடியும் பூவும். கரேம் செத்து நூறு வருடம் ஆகப்போகிற சமயம் இது.

கணக்கு மாறியது வேறு இடத்தில். 1884-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் அரசாங்கம் விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 1897-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலில் ரயில்வே, சுரங்கம், தொழிற்சாலை மாதிரி சில தொழில்களுக்கு மட்டும். 1906-ல் அதை விரித்தபோதுதான் வீட்டு வேலைக்காரர்கள் உட்பட கிட்டத்தட்ட எல்லாரும் உள்ளே வந்தார்கள். அபிங்கர் கிண்டலடித்த அந்தச் சமையல்காரியும்தான்! அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சட்டத்தை அங்கே உள்ள உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24-ல் செல்லாது என்றது. மறுநாளே அதே மாநிலத்தில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள். பிறகு அரசியல் சட்டத்தையே திருத்தி வேறு சட்டம் கொண்டு வந்தார்கள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அடுத்த வரி சொல்லாமலே புரியும். முதலாளி நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றால் இன்சூரன்ஸ் எடுப்பார். விபத்து அதிகம் நடக்கும் இடத்துக்கு பிரீமியம் ஏறும். முதல் முறையாக வெந்த கை லாப நஷ்டக் கணக்கில் ஒரு செலவாக ஏறியது.

ஆனால் நஷ்டஈடு வேறு, தடுப்பு வேறு. மெஷின் பக்கம் பாருங்கள். இங்கிலாந்து நூற்பாலைகளில் சுழலும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1844-லேயே சட்டம் வந்துவிட்டது. சமையலறைக்குள் அதற்குப் பிறகு எத்தனை மெஷின்கள் நுழைந்தன! 1898-ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் வான் பெர்க்கல் என்ற கசாப்புக்காரர் வட்டக் கத்தி சுழன்று இறைச்சியைத் தாள் மாதிரி சீவும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு மாவு பிசையும் மெஷின், கொத்துக்கறி மெஷின், காய் நறுக்கும் மெஷின். எல்லாமே விரலைக் காய்கறியிலிருந்து பிரித்தறியத் தெரியாத மெஷின்கள். இவற்றுக்கு வேலி போடவும், பழக்காமல் யாரையும் வேலை செய்யச் சொல்லக் கூடாது என்று கட்டாயப்படுத்தவும் 1963-ல் அலுவலகம், கடைகளுக்கான சட்டமும் 1964-ல் ஆபத்தான மெஷின்களின் பட்டியலும் வர வேண்டியிருந்தது. பருத்திக்கும் பரோட்டாவுக்கும் நடுவில் 119 வருட இடைவெளி!

நம் நாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் அழகு. இண்டஸ்ட்ரியல் லா பேப்பர் எழுதிய நண்பர்கள் 'தொழிற்சாலை' என்பதற்கு விளக்கம் மனப்பாடம் செய்திருப்பார்கள். 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். ஹோட்டலும் உணவகமும் தொழிற்சாலை ஆகாது என்று அதில் வெளிப்படையாக எழுதினார்கள். அதாவது மெஷினுக்கு வேலி போடு, ஆய்வாளர் வருவார் என்கிற அந்தச் சட்டத்துக்கு ஹோட்டல் அடுப்படி வெளியே இருந்தது. 1993-ல் ஈ.எஸ்.ஐ. தொடர்பான ஹோட்டல் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. சமைப்பதும் உற்பத்திதான், ஈ.எஸ்.ஐ. சட்டத்தைப் பொறுத்தவரை அதுவும் தொழிற்சாலைதான் என்றது தீர்ப்பு. ஒரே அடுப்படி ஒரு சட்டத்துக்குத் தொழிற்சாலையாக இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. கை வெந்த பிறகு மருத்துவம் இருந்தது, வேகாமல் இருக்க ஏற்பாடு செய்யும் சட்டம் மட்டும் வேறு எங்கோ இருந்தது. மதராஸ் மாநிலத்தில் 1958-ல் உணவு நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அதன் முக்கிய அக்கறை வேலை நேரமும் வார விடுமுறையும்.

இனி எண்ணெய்ச் சட்டி. இந்தக் கதையில் வில்லனே கிடையாது, அதுதான் விசேஷம்.

அமெரிக்க ஃபாஸ்ட் ஃபுட் கடைகள் பலவற்றில் ரொம்ப காலம் உருளைக்கிழங்கு மாட்டுக் கொழுப்பில் பொரிந்தது. 43 வயதில் மாரடைப்பு வந்து பிழைத்த ஃபில் சோகோலாஃப் என்ற தொழிலதிபர், கொழுப்புக்கு எதிராகச் சொந்தக் காசில் 1988 முதல் முழுப் பக்க விளம்பரங்கள் கொடுத்தார். 1990-ல் மெக்டொனால்ட்ஸ் தாவர எண்ணெய்க்கு மாறியது. மற்றவர்களும் மாறினார்கள். சாப்பிடுகிறவரின் இதயத்துக்கு நல்லது என்று எல்லாருக்கும் சந்தோஷம். (அந்த எண்ணெயில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு அதைவிட மோசம் என்பது பிறகு தெரிந்தது, அது தனிக் கதை.)

சமையலறையில் நடந்தது என்ன? பெரிய ஃப்ரையருக்கு மேலே தானாக வேலை செய்யும் தீயணைப்புக் கருவி இருக்கும். அந்தக் காலத்தில் அது தூவியது உலர்ந்த பொடி, நம் ஆப்பசோடாவின் குடும்பம். எரிகிற கொழுப்பின் மேல் காரப் பொடி விழுந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும்! எட்டாம் வகுப்பு வேதியியல்தான். அந்தச் சோப்பு நுரை ஆடை மாதிரி மேலே படிந்து காற்றைத் தடுக்கும், தீ அணையும். மாட்டுக் கொழுப்பில் இது நன்றாக வேலை செய்தது. தாவர எண்ணெயில் அந்த ஆடை சரியாக நிற்கவில்லை. போதாததற்குத் தாவர எண்ணெய் தானாகத் தீப்பிடிக்க இன்னும் அதிகச் சூடு ஏற வேண்டும், ஏறத்தாழ 360 டிகிரி செல்சியஸ். அதனால் தீப்பிடிக்கும்போதே எண்ணெய் முன்பைவிடப் பயங்கரச் சூட்டில் இருக்கும்.

மூன்றாவது காரணம் மின்சார, கேஸ் சிக்கனம். புது ஃப்ரையர்களுக்குச் சுற்றிலும் வெப்பம் வெளியேறாத உறை போட்டிருந்தார்கள். பழைய சட்டி அடுப்பை அணைத்ததும் சீக்கிரம் ஆறும். இது ஆறாது. பொடி விழுந்து தீ அணைந்ததும் ஆட்கள் நிம்மதியாகப் பக்கத்தில் வருவார்கள். உள்ளே எண்ணெய் இன்னும் தீப்பிடிக்கும் சூட்டில்தான் இருக்கும். சோப்பு ஆடை கலைந்து காற்றுப் பட்டதும் மறுபடி குபீர்!

ரம்ஃபோர்டு கதையில் எரிபொருள் சிக்கனம் சமையல்காரரைக் காப்பாற்றியது. இங்கே அதே சிக்கனம் அவரை மாட்டிவிட்டது.

தீர்வு தண்ணீர் கலந்த ரசாயனம். எரியும் எண்ணெயில் தண்ணீரா என்று பதற வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் விரியும், அதனால்தான் குடம் குடமாகக் கொட்டினால் எண்ணெய் வெடித்துச் சிதறுகிறது. பொட்டாசியம் உப்புகளைக் கரைத்து மெல்லிய தூறலாகத் தூவினால் எண்ணெய் சிதறாது. தண்ணீர் எண்ணெயின் சூட்டை இறக்கும், பொட்டாசியம் உறுதியான சோப்பு நுரையைக் கட்டும். அமெரிக்காவின் யூ.எல். என்ற பரிசோதனை நிறுவனம் தன் தரச் சோதனையையே மாற்றி எழுதியது. எண்ணெயைத் தானாகத் தீப்பிடிக்கும் வரை காய்ச்சி, அணைத்து, மறுபடி பற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை. யூ.எல். 300 என்ற அந்தத் தரம் 1994 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கருவி வைத்திருந்த கடைகள் உடனே ஓடிப்போய் மாற்றிவிடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் நெருக்கிய பிறகு மாற்றியவர்கள் நிறைய. 1998-ல் சமையல் எண்ணெய்த் தீக்கென்றே 'கே' என்ற தனி வகுப்பு அமெரிக்கத் தீயணைப்பான் விதிகளில் சேர்ந்தது.

இது தீ. தினமும் நடப்பது தீ அல்ல, தெறிப்பு. கூடையைச் சட்டென்று இறக்கும்போது தெறிக்கும். இரவு கடை மூடும் அவசரத்தில் எண்ணெய் ஆறுவதற்குள் வடிகட்டும்போது கொட்டும். கடை மூடும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன்கள் தலையில். கொலராடோ, மினசோட்டா மாநிலங்களில் உணவக ஊழியர்களின் தீக்காயங்களைப் பற்றி அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 1993-ல் தனியாகவே ஓர் அறிக்கை போட்டது.

அந்த நாட்டில் 18 வயது ஆகாதவர்கள் இறைச்சி சீவும் மெஷினை இயக்கக் கூடாது, கழற்றி வைத்த அதன் பாகங்களைக் கழுவக்கூடக் கூடாது. அதில் கை வெட்டுப்படுவது சீவும்போது மட்டும் அல்ல, கழுவும்போதும்தான் என்று விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஃப்ரையருக்கு 2005-ல் ஒரு விதி வந்தது. 14, 15 வயதுப் பிள்ளைகள் ஃப்ரையரில் வேலை செய்யலாம், ஆனால் கூடையைத் தானாக இறக்கித் தானாகத் தூக்கும் கருவி அதில் இருக்க வேண்டும். அப்படி ஒரு கருவி சந்தையில் கிடைக்கிறது, விதியிலேயே அதன் பெயர் இருக்கிறது. 16 வயது ஆனவருக்கு அது கட்டாயம் இல்லை.